கண்ணாடியில் மாக்கோலம்

ஜனவரி 6, 1963, ஞாயிறு

அப்பாவின் ஆபீசில் கொடுத்த டைரி இது. அப்பாவுக்கு எழுத ஒன்றுமில்லையாம். அவர் மகள் வேதத்துக்கு, அதாவது எனக்கு, இருக்கிறது. வசந்தா காலனிக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகிறது. இப்படியும் வீடு கட்டினார்களா என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் ஓர் அத்தாட்சி வேண்டும். ஆகவே கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கத் தீர்மானித்திருக்கிறேன்.

ஒரே தட்டில் வார்த்த இட்லிகளைப்போல நாற்பது வீடுகள். தட்டைக் கூரை. தெருப்பக்கம் ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர். பின்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதாவது, மானத்தைத் தெருவுக்கு மறைத்துக் கொல்லைக்குக் காட்டும் ஏற்பாடு. எல்லாக் கொல்லைகளும் நடுவிலுள்ள ஒரே புல்வெளியில் போய்ச் சேர்கின்றன. நாங்கள் சாப்பிடுவதைக் காலனி பார்க்கிறது. காலனி சண்டை போடுவதை நாங்கள் பார்க்கிறோம். சத்தம் கேட்பதில்லை. அது ஒன்றுதான் குறை.

இதை வரைந்தவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஹேமச்சந்திரன் என்கிற ஆர்க்கிடெக்ட். வீட்டுக்கு உள்ளே வெளியே என்ற பேதம் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இல்லை. ஹாலில் பதித்த கடப்பைக் கல்லே அப்படியே தோட்டத்துக்குள் நீண்டுபோகிறது. நடுவில் வாசற்படி கிடையாது. எங்கே வீடு முடிந்து எங்கே கொல்லை தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியாது. வீட்டின் மத்தியில் வானம் தெரியும்படி ஒரு சதுரம் விட்டு, அதற்கு ஏதோ லத்தீன் பெயர் சொல்கிறார். முற்றம் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் கப்பல் ஏறிப் போய்வந்திருக்கிறார்.

அப்பா இந்தக் கொள்கையை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் குடிவந்த இரண்டாம் நாள் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி "கனகு, காபி" என்று அம்மாவைக் கேட்டது பக்கத்து வீட்டில். மிஸஸ் தேவசகாயம் காபியும் கொடுத்து, சட்டையையும் கையில் கொடுத்து அனுப்பினாராம்.

ஜனவரி 9, புதன்

இந்த வாரம் கண்ணாடியில் மோதிக்கொண்டவர்கள்: அப்பா (மூக்கு), பால்காரர் (பால்), ஒரு காக்கை, அம்மா (நெற்றி). காக்கை மட்டும் மறுபடி வரவில்லை. இந்த நால்வரில் புத்திசாலி யார் என்று எழுதத் தேவையில்லை.

பள்ளிக்கூடம் இன்னும் திருவல்லிக்கேணியில்தான். ரயிலில் எழும்பூர், அங்கிருந்து பஸ். திரும்பி வர இருட்டிவிடுகிறது. இந்த நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்ளலாமே, வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்குமே என்று அப்பா நேற்றுச் சாப்பிடும்போது ஆரம்பித்தார். அம்மா ரசத்தை ஊற்றாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஒத்தாசைக்கு ஆளு வேணும்னு நான் கேட்டனா? அவ படிக்கட்டும்."

"நீ கேக்கல. கேக்குற நிலைமை வந்துச்சின்னா அப்ப நிறுத்திடறேன், அவ்ளோதான்."

அம்மா மூன்றாம் பாரத்தில் நின்றவள். ஏன் என்று கேட்டால், "வீட்ல ஆளில்ல" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

ஜனவரி 15, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடிமேல் மாக்கோலம். தரையில் அல்ல, கண்ணாடியில், முகத்துக்கு நேராக. நாலு விரலும் பதிய இழுத்த பட்டையான கோடுகள். தள்ளு கதவில் ஒன்று, நகராத பாதியில் வேறு மாதிரி ஒன்று. பொங்கலுக்கு மீந்த அரிசியை அரைத்தாளாம்.

அப்பா ஆடிப்போனார். அந்தக் கண்ணாடி என்ன கண்ணாடி, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொன்னார். அம்மா துடைப்பத்தைத் தேடிக்கொண்டே, "நாலு பேர் கண்ணு படற எடம். திருஷ்டி" என்று முடித்துவிட்டாள்.

இதை நான் குறித்துவைக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தோம். அங்கே இருந்தவரை அம்மா வருஷத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். யாராவது கேட்டால், "பெருமாள் எங்கயும் ஓடிப்போகமாட்டாரு" என்பாள். நான் அம்மாவைப் பகுத்தறிவு உள்ளவள் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நாற்பது வீட்டிலும் அதிகப் படிப்பு வாசனை உள்ள வீட்டில் திருஷ்டிக் கோலம்.

ஜனவரி 18, வெள்ளி

செவ்வாய்க்கிழமையைவிட மோசம். கட்டடச் சாரத்திலிருந்து மீந்து புல்வெளியோரம் கிடந்த சவுக்குக் கட்டையைத் தோட்டக்காரரை விட்டு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கண்ணாடிக் கதவு திறக்கிற இடத்தில் குறுக்கே போட்டிருக்கிறாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். வாசற்படி இல்லாத வீட்டில் லட்சுமி எங்கே கால் வைத்து ஏறுவாள் என்று கேட்கிறாள். மேலே மாவிலைத் தோரணம் வேறு. அதையும் ஒழுங்காக உயரத்தில் கட்டாமல் தலையில் இடிக்கும்படி தாழக் கட்டியிருக்கிறாள். கதவைக் கடக்கும்போதெல்லாம் மாவிலை அம்மாவின் உச்சந்தலையைத் தடவுகிறது. அது ஆசீர்வாதம் போலிருக்கிறது.

ஜனவரி 22, செவ்வாய்

அல்ஜீப்ரா பரீட்சையில் நான்தான் முதல். வீட்டுக்கு வந்தால் ஆறிப்போன சோறு. விளக்கு வைத்தபின் அடுப்பைத் தொடக்கூடாது என்று புதுச் சட்டம்.

ஜனவரி 27, ஞாயிறு

முட்டாள்தனம் தொற்றுநோய் என்று இன்று நிரூபணமாயிற்று. எதிர்வரிசையில் ஆறு வீடுகளின் கண்ணாடியில் மாக்கோலம். மூன்று வீடுகளில் சவுக்குக் கட்டை. கண்ணாடி வீட்டுக்கென்று ஏதோ தனிச் சாஸ்திரம் இருப்பதாகவும் அது எங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும் என்றும் பேச்சு. இரண்டு பெண்கள் வந்து, கட்டைக்கு வெள்ளிக்கிழமைதான் மஞ்சள் பூச வேண்டுமா, எந்த நாளிலும் பூசலாமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அம்மா சற்றும் தயங்காமல், "வெள்ளிக்கெழம விசேஷம்" என்றாள்.

மிஸஸ் தேவசகாயம்கூடச் சுண்ணாம்பில் பெரிய நட்சத்திரம் ஒன்று போட்டுவிட்டார். நீங்கள் வேறு மதமாயிற்றே என்று கேட்டேன். "அதனால என்னம்மா வேதம், எங்க வீட்டு அய்யாவுக்கும் மூக்கு ஒண்ணுதானே இருக்கு" என்றார். காலனியில் அவர் ஒருவருக்குத்தான் கொஞ்சம் மூளை இருக்கிறது.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஹாலின் நடுவே ஒன்றும் வைக்கக்கூடாது, வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்பது ஆர்க்கிடெக்டின் கட்டளை. அம்மா அரிசி டிரம், டிரங்குப் பெட்டி, தையல் மிஷின், பாத்திர பீரோ எல்லாவற்றையும் இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டாள். சமையல் மேடையிலிருந்து குளியலறைவரை ஒரு சந்து உண்டாகிவிட்டது. திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்து நடையேதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மனையடி சாஸ்திரமாம். அப்பா அரை மணி நேரம் கத்தினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சந்தின் வழியே போய்க் குளித்தாள்.

நானும் திட்டு வாங்கினேன். குடித்த டம்ளரை வலப்பக்கம் வைக்காமல் இடப்பக்கம் வைத்துவிட்டேனாம். "எடுத்தது எடுத்த எடத்துல இருக்கணும்னு எத்தினி தடவ சொல்றது?" ஒரு டம்ளருக்கு இத்தனை ஆசாரமா? இந்த வீட்டில் படித்தவர்கள் இல்லையா?

பிப்ரவரி 8, வெள்ளி

பக்கத்தில் நின்று மிஸஸ் தேவசகாயம் கையை ஆட்டியும் அம்மா திரும்பிப் பார்க்காமல் போனாளாம். சாஸ்திரம் தெரிந்த கர்வம் என்று காலனியில் பேச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அப்படித் திடுக்கிட்டாளாம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

எழும்பூரில் இறங்கி நான் ஏறுகிற பஸ் கண்ணாஸ்பத்திரி வழியாகப் போகிறதா என்று அம்மா கேட்டாள். போகிறது என்றேன். அங்கே கூட்டம் இருக்குமா என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் நான் புத்தகம் படிக்கிறேன், தெருவைப் பராக்குப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

நல்ல செய்தி. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் காலனியைப் பற்றி வரப்போகிறது. வரும் சனிக்கிழமை ஆர்க்கிடெக்ட் போட்டோகிராபரோடு வருகிறார். காலனிக் காரியதரிசி நாகசுந்தரம் வீடுவீடாக வந்து சொன்னார்: கண்ணாடியில் மாவு இருக்கக்கூடாது, கொடியில் துணி இருக்கக்கூடாது, கட்டை, தோரணம், அம்மி எதுவும் கண்ணில் படக்கூடாது. சுருக்கமாக, மனிதர்கள் வசிக்கிற அடையாளம் இருக்கக்கூடாது.

மூலைவீடு என்பதால் எங்கள் வீட்டில்தான் படம் எடுக்கப்போகிறார்கள். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "ஒருநாளைக்கு உன் சாஸ்திரத்தையெல்லாம் மூட்டை கட்டி வை கனகு" என்றார். அம்மா, தான் அன்றைக்கு மிஸஸ் தேவசகாயம் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னாள். இல்லத்தரசி படத்தில் இருந்தே ஆகவேண்டுமாம். நாகசுந்தரம் வீட்டுக்கு வேண்டுமானால் மாற்றச் சொல்லட்டுமா என்று அப்பா கேட்ட குரலைக் கேட்டபின் அம்மா பட்டுப்புடைவையை எடுத்துவைத்தாள்.

நானும் படத்தில் உண்டு. தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். ஹேமச்சந்திரன் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 23, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து வேலை. தையல் மிஷினையும் பெட்டிகளையும் அப்பாவும் தோட்டக்காரரும் படுக்கையறையில் அடைத்தார்கள். சந்து போயிற்று. தோரணத்தை அவிழ்த்தோம். கட்டையைக் காகிதப்பூச் செடிக்குப் பின்னால் போட்டோம். கண்ணாடி என் பொறுப்பு. பழைய செய்தித்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். ஐந்து வாரக் கோலம் லேசில் போகவில்லை. முடித்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. சந்தேகத்துக்கு நானே விரலால் தொட்டுப் பார்த்தேன்.

ஆர்க்கிடெக்ட் மூன்று மணிக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வாயில் புகையிலைப் பைப். பைப்பைப் பற்றவைப்பதும் இல்லை, பையில் வைப்பதும் இல்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். லைப்ரரிப் புத்தகத்தைக் காட்டினேன். அட்டை கறுப்பாக இருக்கிறது, சிவப்பு அட்டை இருந்தால் எடுத்துவா என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வெயிலில் படம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெளியே இருட்டத் தொடங்கி உள்ளே விளக்கு ஒளிர்கிற நேரம்தான் இந்த வீட்டுக்கு அழகாம். அந்த விளக்குகளும் பலகைகளுக்குப் பின்னே ஒளித்துவைக்கப்பட்டவை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு மங்கல் வெளிச்சம் கசியும். காத்திருந்தோம். அம்மா பட்டுப்புடைவையில் சமையல் மேடையைப் பிடித்தபடியே நின்றாள். என்னைக் கூப்பிட்டு, எந்தப் பாதி திறந்திருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு எரிச்சல். "கண்ணு முன்னால இருக்கே, பாரேன்" என்றேன். சிவப்பு அட்டைப் புத்தகத்தோடு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க சாதாரணமா டிரேயை எடுத்துட்டு மகளைப் பாத்துக்கிட்டே வெளியே வாங்கம்மா. உள்ளே வெளியேங்கற நினைப்பே இருக்கக்கூடாது" என்றார் ஆர்க்கிடெக்ட்.

அம்மா டிரேயைத் தூக்கினாள். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆனால் நான் அங்கே இல்லை. எனக்கு நாலடி தள்ளி ஒரு காலி நாற்காலி இருந்தது. அம்மா அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வலது காலின் கட்டைவிரல் தனியாக நீண்டு, தரையில் எதையோ தேடியது. கிடைக்காமல் இன்னும் கொஞ்சம் நீண்டது. சவுக்குக் கட்டையைத் தேடுகிறது. அது காகிதப்பூச் செடிக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடியில் இருந்த கோலத்தை நான் தேய்த்துவிட்டேன். அம்மா மூடியிருக்கிற பாதியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தாள்.

எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. புத்தகம் விழுந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஓங்கி அடித்துவைத்தேன். அந்தச் சத்தத்தில் அம்மா நின்றாள். டிரேயின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண்கூட இல்லை. நடுவில் என் உள்ளங்கைகள்.

"கையை எடும்மா, ரேகை விழுது" என்றார் ஆர்க்கிடெக்ட்.

நான் எடுக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இது: "எங்க வீட்டுல வாசப்படி இல்லாம சுமங்கலி தட்டு எடுத்துக்கிட்டு வெளிய வரமாட்டாங்க. விளக்கு வெச்ச நேரத்துல கூடவே கூடாது."

அப்பாவின் வாய் திறந்தது. "வேதம், நீயா?" என்றார்.

"நான்தான்" என்றேன். செடிக்குப் பின்னால் போய்க் கட்டையை இழுத்துவந்து கதவு திறந்திருந்த பாதியில் போட்டேன். என் பட்டு ஜாக்கெட்டெல்லாம் மண். கட்டை கல்லில் விழுந்த சத்தம் வந்த பக்கம் அம்மா முகத்தைத் திருப்பினாள். கட்டைவிரல் வந்து அதைத் தொட்டது. தாண்டி வெளியே வந்தாள். ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

ஆர்க்கிடெக்டுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். பைப்பை எடுத்துவிட்டு, "பிரமாதம்" என்றார். கட்டையை மட்டும் தனியாகப் படம் பிடிக்கச் சொன்னார். பழங்குடி மரபும் நவீன வாழ்வும் என்று ஏதோ சொல்லிக் குறித்துக்கொண்டார். சாரத்துச் சவுக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

அப்பா காலையிலேயே படத்தைப் பற்றிப் பேச நாகசுந்தரம் வீட்டுக்குப் போய்விட்டார். லத்தீன் பெயர் கொண்ட முற்றத்தில் நல்ல வெயில். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். எப்போதிருந்து அப்படிப் பிடிக்கிறாள்?

"சுமங்கலி தட்டு எடுக்கக்கூடாதுன்னு ஒனக்கு யாருடி சொன்னது?"

"நீதான்."

"நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலியே."

"நீ விட்டதையும் சேர்த்துச் சொன்னேன்."

அம்மா சிரித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொழுது சாய்ந்தால் ஓரமெல்லாம் கறுத்துவிடுகிறதாம். குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறதாம். பகலிலும் பக்கவாட்டில் நிற்பவர் தெரிவதில்லையாம். திருவல்லிக்கேணியிலேயே இருந்ததாம். "அங்க ரெண்டு பக்கமும் செவுரு தோள்ல இடிச்சிக்கிட்டே வரும். நெலப்படி கால்ல தட்டும். கண்ணே தேவப்படல. இங்க தொடறதுக்கு ஒண்ணுமே இல்லியே வேதம்."

சுவர்களை எடுத்ததற்காக ஹேமச்சந்திரனுக்கு எங்கேயோ மெடல் கொடுத்திருக்கிறார்களாம்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். "எங்கம்மாவுக்கும் இதேதான் வந்துச்சி. அதுக்கோசரந்தான் என்னை மூணாம் பாரத்துல நிறுத்துனாங்க. ஒங்கப்பா கெட்டவரு இல்ல. ஆனா தெரிஞ்சா அடுத்த நாளே ஒன்ன நிறுத்திடுவாரு. ஜூன்ல நீ போயி அஞ்சாம் பாரத்துல குந்து. அப்பறம் சொல்லிக்கலாம்."

"டாக்டர்கிட்ட?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள். தனியாகப் போய்வர முடிந்திருந்தால் எப்போதோ போயிருப்பேன் என்றாள்.

பிப்ரவரி 26, செவ்வாய்

கோலம் இப்போது நான் போடுகிறேன். பட்டையாக, அம்மாவின் முகத்துக்கு நேராக. இரண்டு பாதிக்கும் வேறு வேறு மாதிரி.

மார்ச் 1, வெள்ளி

சந்து திரும்பிவிட்டது. பெட்டிகளை நானே இழுத்துவைத்தேன். வெள்ளிக்கிழமை நகர்த்திய நாற்காலியைத் திரும்ப அதே இடத்தில் போடாவிட்டால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பி.ஏ. படித்தவர். மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார். இதைக் கேள்விப்பட்டு எதிர்வரிசையில் இரண்டு வீடுகளில் நாற்காலியின் கால்களைச் சுற்றிச் சாக்பீசால் கோடு போட்டிருக்கிறார்கள். மிஸஸ் தேவசகாயம் மட்டும் என்னை ஒருமாதிரி பார்த்தார். அதன்பிறகு அம்மா எதிரே வந்தால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் பேசுகிறார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து கட்டப்போகும் நாற்பது வீடுகளில் கதவுக்குக் குறுக்கே மரச்சட்டம் பதிக்க ஆர்க்கிடெக்ட் உத்தரவிட்டிருக்கிறாராம். அது அவருடைய கண்டுபிடிப்பு என்று நாகசுந்தரம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

நாளை சனிக்கிழமை. நானும் அம்மாவும் பார்த்தசாரதி கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். அப்பா மனம் உருகிவிட்டார். இந்தக் காலத்தில் படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு பக்தி எங்கே வருகிறது, படிப்பை நிறுத்துவதாகச் சொன்னதே தப்பு என்று ஆபீசில் பேசிக்கொண்டாராம். பிரசாதம் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார். வரும் வழியில் எங்காவது கொஞ்சம் துளசி பறித்துக்கொள்ள வேண்டும்.

எழும்பூரில் இறங்கினால் கண்ணாஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். நேற்று பஸ்ஸில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நன்றாகப் பார்த்துவைத்தேன். பழைய கட்டடம். சுவர்கள் கனமானவை. வாசலில் உயரமான கல்படிகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. அதைக் கட்டியவருக்கு எந்தக் கொள்கையும் இருந்ததாகத் தெரியவில்லை.